வழி தவறும் முதியோரும் காவல் கருவிகளும்

(யூபிலி ஆண்டின் முதியோர் தினத்தன்று ஆலய மண்டபத்தில் எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆற்றிய உரை)



யூபிலியின் ஞாபகமாக என்ன செய்யலாம் என்று பேரவை கூடி ஆலோசித்தபோது மூன்று யோசனைகள் எழுந்தன என்பது உங்களுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் ஒன்று. மணிக்கூண்டுக்குப் புதுப் பூச்சு ஒன்று. மூன்றாவதை நம் வாலிபர்கள் கொண்டுவந்தார்கள். தனியாக இருக்கும் முதியோருக்கும், மறதி நோய் கண்டவர்களுக்கும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் கையிலோ கழுத்திலோ அணியும் காவல் கருவி வாங்கிக் கொடுக்கலாம். ஆள் எங்கே இருக்கிறார் என்று அது செல்போனில் காட்டிவிடும். ஐம்பதாக வாங்கினால் விலை குறையும். பெட்டியின்மேல் யூபிலி முத்திரையும் அச்சடித்துத் தருவார்களாம். வீடு வீடாகப் போய் வருகிறவர்கள் நீங்கள்தானே, விசாரித்துச் சொல்லுங்கள் என்று பேரவை எங்களிடம் ஒப்படைத்தது. விசாரித்தோம். கண்டதைச் சொல்கிறோம்.

இந்தப் பேச்சு எதனால் எழுந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆடி மழையில் ஒருநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு, வேலையிலிருந்து நின்று பல வருஷமான ஒரு தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். மகள் விழித்தபோது கதவு திறந்து கிடந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. லைன் முழுவதும் எழுந்து தேடியும் ஒன்பது மணிவரை ஆள் அகப்படவில்லை. கடைசியில் கேரட் தோட்டத்துக்குப் போன ஒரு தம்பிதான், அணைப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் அவர் குந்தியிருப்பதைக் கண்டார். உடம்பு நனைந்து விறைத்திருந்தது. "கங்காணி இன்னும் பேர் கூப்பிடலப்பா" என்றாராம். பிழைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று தேடப் போன எல்லாருக்கும் தெரியும்.

சமவெளியில் வழி தவறிய பெரியவர் ஒரு பஸ் ஸ்டாண்டிலோ கடைத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்பார்கள். நம் ஊரில் ஒரு பக்கம் சோலைக்காடு, ஒரு பக்கம் அணைத் தண்ணீர், நடுவே காட்டெருமை. மார்கழி, தையில் புல்லெல்லாம் உறைபனி. மலை சரிந்த இடம் என்றுதான் வெள்ளைக்காரர் இந்த ஊருக்கு இந்தப் பெயரையே வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, அவலாஞ்சியின் பெயர் நாடு முழுவதும் பத்திரிகையில் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு முதியவர் இரவில் வெளியே போய்விட்டால், அது நாள் கணக்கல்ல, மணிக் கணக்கு.

போகிறவர்களும் கூடிக்கொண்டே வருகிறார்கள். காரணம் நமக்குப் புதிதல்ல. 1964 இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. அதன் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968 முதல் தேயிலை பயிரிட்டது. பிற்பாடு அதுவே டான்டீ ஆயிற்று. கப்பலில் இறங்கி வந்து இந்த மலையில் இருபது வயதில் கூடை சுமந்தவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோயம்புத்தூர் பட்டறையிலும். ஒற்றை அறையில் ஒரு பாட்டி, ஒரு அடுப்பு, சுவரில் மாதா படம், பேரப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ஒரு செல்போன். எங்கள் வாரச் சந்திப்பில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன.

மறதி நோய் பற்றி ஒரு வார்த்தை. அது பைத்தியமல்ல, வயதானால் எல்லாருக்கும் வருவதுமல்ல. மூளையின் நோய். 2023 இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு அது உண்டு, மொத்தம் 88 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறது. பல பேருக்கு நேற்று நடந்தது முதலில் போகும். நாற்பது வருஷத்துக்கு முந்தியது பின்னும் நெடுநாள் நிற்கும். ஆகையால்தான் தாத்தா பெரட்டுக்குப் போனார். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று அழும் பாட்டிமார் நமக்குத் தெரியும். அவர்கள் கேட்கிற வீடு அட்டனிலோ தலவாக்கொல்லையிலோ உள்ள லயத்து வீடு. இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒரு முறையாவது இப்படி வழி தவறுவார்கள் என்று அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் சொல்கிறது. முதியோர் மிகுந்த ஜப்பானில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் மறதி நோயாளிகள் 19,039 பேரைக் காணவில்லை என்று போலீசில் பதிவாயிற்று.

நம் மாவட்டத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மசினகுடி பக்கம் ரிவால்டோ என்று ஒரு ஆண் யானை. தும்பிக்கையில் காயம் பட்டது, ஊரோடு பழகியது. 2021 மே மாதம் அதை வாழைத்தோட்டத்தில் மரக் கூண்டில் வைத்து வைத்தியம் பார்த்து, ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டின் உட்புறம் கொண்டுபோய் விட்டார்கள். அது ஓரிரு நாளில் சுமார் 40 கிலோமீட்டர் நடந்து பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. வீட்டுக்குப் போகணும் என்ற எண்ணத்தைக் காலர் தடுக்கவில்லை. யானை எங்கே வருகிறது என்று மட்டும் வனத்துறைக்குச் சொல்லிற்று. சொன்னதைக் கேட்டு ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். கருவியால் ஆகக்கூடிய வேலை அவ்வளவுதான். மீதி வேலை காலால் நடந்து போகிறவர்களுடையது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். உள்ளே இருப்பதோ வேறு வேறு.

நம் வாலிபர்கள் காட்டியது ஜி.பி.எஸ். கருவி. இதைப் பற்றி நம்மிடையே ஒரு தப்பான எண்ணம் உலவுகிறது. வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் நம் பாட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்ப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகின்றன. பாட்டியின் கழுத்தில் உள்ள கருவி குறைந்தது நான்கு கோள்களின் சொல்லைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதற்குக் காசும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். மூடுபனி இதைத் தடுப்பதில்லை. செங்குத்தான மலையும் அடர்ந்த சோலையும் வானத்தை மறைத்தால் மட்டும் கணக்குப் பிசகும்.

ஆனால் தான் அறிந்ததை அது மகனுக்குச் சொல்ல வேண்டுமே! அங்கேதான் சிம் கார்டு வருகிறது, செல்போன் டவர் வருகிறது. டவர் எட்டாத பள்ளத்தில் அந்தக் கருவியின் நிலை ஊமை கண்ட கனவு. நாங்கள் சோதித்தே பார்த்தோம். கோயம்புத்தூரில் வேலை செய்யும் ஒருவர் தம் தகப்பனாருக்கு வாங்கி வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி, எங்களில் ஒருவர் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆலயத்திலிருந்து ஏரிப் பக்கம் நடந்தார். மற்றவர்கள் மண்டபத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் வளைவு வரை புள்ளி நன்றாக நகர்ந்தது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் கழித்து, ஆள் திரும்பி வந்து எங்கள் முதுகில் தட்டியபோதும் புள்ளி அந்த வளைவிலேயே நின்றது. சிறிது நேரம் கழித்து ஒரே தாவாகத் தாவி மண்டபத்துக்கு வந்தது. சில கருவிகள் போன வழியை நினைவில் வைத்திருந்து டவர் கிடைத்ததும் மொத்தமாகச் சொல்லும். நல்லதுதான், ஆனால் பள்ளத்தில் விழுந்து கிடப்பவர் டவர் கிடைக்கும் இடத்துக்கு எழுந்து வரமாட்டார். இன்னொன்றையும் அந்தச் சோதனையில் தெரிந்துகொண்டோம். நின்றுபோன புள்ளியும் பயனற்றதல்ல. எந்த வளைவில் மறைந்தார் என்று தெரிந்தால், நான்கு திசையில் தேட வேண்டியவர்கள் ஒரு திசையில் தேடலாம்.

உதகையிலும் குன்னூரிலும் டவுனுக்குள் இருப்பவர்களுக்கு இதே கருவி மிக நன்றாக வேலை செய்யும். நம்மிலும் எமரால்டு கடைவீதியை ஒட்டி இருக்கும் சில வீட்டாருக்கு ஏற்றது. எல்லாருக்கும் ஒரே கருவியை ஐம்பதாக வாங்குவது, எல்லாருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்குவது போலத்தான்.

சார்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கருவி பெரும்பாலும் ஓரிரு நாளில், அதிகம் போனால் சில நாளில் தீர்ந்துவிடும். மழைக் காலத்தில் நம் லைன்களில் கரண்டு எத்தனை நாள் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சார்ஜ் போட மறக்காமல் இருக்க வேண்டியவர் மறதி நோயாளி! மாதாமாதம் சிம்முக்கு ரீசார்ஜும் உண்டு. முதல் விலையை யூபிலி நிதி கொடுக்கும். பதினெட்டாவது மாத ரீசார்ஜை யார் கொடுப்பார்கள்?

சாவிக் கொத்துக்கு மாட்டுகிற சிறு வில்லை ஒன்று 2021 முதல் பிரபலமாகியிருக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் ஏர்டேக் அந்த வகை. அது பக்கத்தில் போகும் பிறருடைய செல்போன்களைக் கொண்டுதான் தன் இடத்தைத் தெரிவிக்கும். செய்தவர்களே அதைப் பொருள்களுக்கென்றுதான் செய்தார்கள், மனிதருக்கென்று அல்ல. நம் தேயிலைச் சரிவில் இரவு இரண்டு மணிக்கு யார் ஆப்பிள் போனோடு நடக்கப்போகிறார்கள்? விட்டுவிடலாம்.

விழுந்தால் அமுக்குகிற பொத்தான் பழைய சாதனம். ஆண்ட்ரூ டிப்னர் என்பவர் 1974 இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். வீட்டுக்குள் விழுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். உலகத்தில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்தே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த தரையில் கிடப்பதே தனியாக ஒரு ஆபத்து. ஆனால் 2008 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆராய்ச்சியைக் கேளுங்கள். கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறு வயது கடந்த 110 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர், பொத்தான் வசதி இருந்தும் அமுக்கவே இல்லை. சிலருக்கு அது கைக்கு எட்டவில்லை. சிலருக்குப் பிறரைத் தொந்தரவு செய்ய மனமில்லை. நம் பாட்டிமாரும் அப்படித்தான். "ராத்திரி நேரத்துல அந்தப் பிள்ளைய எதுக்கு எழுப்பணும்" என்பார்கள். பொத்தானை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார்கள், அங்கே வழுக்கும். விழுந்ததைத் தானாகவே உணர்ந்து அழைக்கும் கைக்கடிகாரங்களும் 2018 முதல் வந்திருக்கின்றன. விலை நமக்கு எட்டாது.

டவரே வேண்டாத ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1999 இல் புராஜெக்ட் லைஃப்சேவர் என்று தொடங்கினார்கள். நோயாளியின் மணிக்கட்டில் சிறிய ரேடியோ. அது விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். காணவில்லை என்றால், பயிற்சி பெற்றவர்கள் கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓசை பலமாக வருகிறதோ அந்தப் பக்கம் நடந்து கண்டுபிடிப்பார்கள். காட்டு விலங்குகளை ஆராய்கிறவர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவது இதே வேலை. நம் மலைக்கு இதுதான் பொருத்தம் என்று எங்களில் சிலருக்குத் தோன்றுகிறது. ஆயினும் ஒரு பங்கு தனியாகச் செய்யக்கூடிய காரியம் அல்ல. உரிமம், பயிற்சி, போலீசும் வனத்துறையும் கூட வருவது என்று எல்லாம் வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுத ஆசிரியர்கள் உதவினால் நாங்கள் கையெழுத்து வாங்கித் தருகிறோம்.

இவற்றில் எல்லாம் மலிவானதை மும்பையில் ஒரு வாலிபர் செய்தார். அக்ஷய் ரிட்லான் என்பவர். முதலில் தெரு நாய்களுக்கு கியூ.ஆர். கட்டம் அச்சிட்ட பட்டை செய்து மாட்டினார். பிறகு 2023 இல் அதையே மனவளர்ச்சி குன்றியவர்களுக்கும் மறதி உள்ளவர்களுக்கும் கழுத்துப் பதக்கமாகச் செய்து கொடுத்தார். அவ்வருஷம் செப்டம்பரில் ஒர்லியில் காணாமற்போன பன்னிரண்டு வயதுப் பையனைக் கொலாபாவில் கண்டவர்கள் அந்தப் பதக்கத்தைச் செல்போனால் பார்த்து, அன்றைக்கே வீட்டில் சேர்த்தார்கள். ஜப்பானில் இருமா என்ற நகராட்சி 2016 இல் இந்தக் கட்டத்தை விரல் நகத்திலேயே ஒட்டிக் கொடுத்தது. இதற்குச் சார்ஜ் இல்லை, ரீசார்ஜ் இல்லை. ஆள் எங்கே என்று இது சொல்லாது. கண்டெடுத்தவருக்கு இவர் யார் என்று சொல்லும். நம் ஊரில் நெட் கிடைக்காத இடமும் உண்டு ஆகையால், கட்டத்துக்குக் கீழே பெயரையும் இரண்டு போன் நம்பரையும் வெறும் எழுத்திலே எழுதிவிடுவது நல்லது. நம் தாய்மார் ஸ்வெட்டரின் உட்புறம் நூலால் தைத்தாலும் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போன வருஷம் தைத்தீர்களே, அதே கைவேலைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தைப் பற்றி. எங்களுக்கு அதிக வருத்தம் தந்த விஷயம் வேறு. கருவி வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் "அபாயம் என்றால் மணி யாருடைய போனில் அடிக்கும்?" என்று கேட்டோம். மகன் போனில், மகள் போனில் என்றார்கள். மகன் எங்கே? திருப்பூரில். மகள்? பெங்களூரில். கோயம்புத்தூரிலிருந்து உதகைக்கே 86 கிலோமீட்டர்; அதற்கு மேல் நம் ஊருக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், இரவில், மழையில், மலைப்பாதையில். மகன் தூக்கத்தில் விழித்து, புள்ளி நகர்வதைப் பார்த்துப் பதறி, அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் தேடி, அது கிடைக்காமல் இன்னொருவரிடம் கேட்டு... இதற்குள் அப்பா தேயிலைக் காட்டைத் தாண்டியிருப்பார். வெளியூரில் இருக்கும் பிள்ளையின் மனச்சமாதானத்துக்காக வாங்கிய கருவிகளே அதிகம் என்று எங்களுக்குத் தோன்றிற்று. அந்தச் சமாதானமும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் முதல் மணி நடந்து போகும் தூரத்தில் இருப்பவர் போனில் அடிக்க வேண்டும். பக்கத்து லைன்காரர், பால் ஊற்றுகிற அண்ணன், காவலுக்கு இருப்பவர், யாராயினும் சரி. மகன் போனில் இரண்டாவதாக அடிக்கட்டும். பெரும்பாலான கருவிகளில் இரண்டு மூன்று நம்பர் வைக்க இடம் உண்டு, யாரும் வைப்பதில்லை.

இனி முதியோரிடமே வருவோம். அவர்களைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினோம், அவர்களைக் கேட்டோமா? எங்கள் சந்திப்பில் ஒரு பாட்டியிடம் கருவியைக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, நான் என்ன ஓடிப்போற மாடா, கழுத்துல மணி கட்டுறதுக்கு?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தோம். 2013 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் போலீசார் மறதி நோயாளிகளுக்கு இத்தகைய கருவிகள் வாங்கியபோது, அங்குள்ள ஓய்வூதியர் அமைப்பும் ஏறக்குறைய இதையே கேட்டது: இவர்கள் என்ன குற்றவாளிகளா?

நம் நாட்டின் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தன் வாழ்வைப் பிறர் பார்வையிலிருந்து காத்துக்கொள்ளும் அந்தரங்க உரிமை ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, வழக்குப் போட்டபோது அவருக்கே எண்பது கடந்திருந்தது. 2024 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு. போதைப்பொருள் வழக்கில் ஜாமீனில் விடப்பட்ட ஒரு வெளிநாட்டவர், தான் இருக்கும் இடத்தை எந்நேரமும் போலீசுக்குக் கூகுள் மேப்பில் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று அதே கோர்ட் கூறிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த மரியாதை உண்டென்றால், நம்மை வளர்த்த பாட்டியைக் கேட்காமல் அவர் கழுத்தில் மாட்ட நமக்கு என்ன உரிமை?

ஆனாலும் மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டோம். கொழுந்தெடுக்கப் போகும்போது வீட்டில் உள்ள முதியவரை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகும் வீடுகள் நம் பங்கில் உண்டு. பெயர் சொல்லவில்லை. அவர்கள் கொடியவர்களும் அல்ல. அன்றாடக் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அடுப்பு எரிகிற வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டால் என்ன நேரும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தாழ்ப்பாளோடு ஒப்பிட்டால் கழுத்துக் கருவி எவ்வளவோ மேல். வலிப்பு நோய் உள்ள ஒரு தங்கச்சி எங்களிடம் தானாகவே கேட்டாள்: "அந்த மிஷின் இருந்தா அம்மா என்னைய ரேஷன் கடைக்குத் தனியா விடுவாங்களா?" அவளுக்கு அது விலங்கு அல்ல, வெளியே போகக் கிடைத்த அனுமதிச் சீட்டு. எமரால்டு பக்கம் டவர் உள்ள இடத்தில்தான் அவள் வீடு. முதல் கருவி அவளுக்கே என்பது எங்கள் சிபாரிசு.

ஆகவே கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மறதி நோய் கண்டவர்களை, அவர்களால் விளங்கிப் பதில் சொல்ல முடிகிற ஆரம்பக் காலத்திலேயே கேட்டுவிட வேண்டும். முற்றிய பிறகு கேட்டால் பதில் வராது. யார் யார் பார்க்கலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அடுத்த மாதம் இன்னொரு தரம் கேட்கலாம். மறதி முற்றியவர்களுக்கு வீட்டார்தான் தீர்மானிப்பார்கள்; அப்போதும் தாலிக்கொடி மாதிரி, ஜெபமாலை மாதிரி, அவர்கள் ஏற்கெனவே அணிந்திருக்கும் ஒன்றோடு சேர்த்துவிட்டால் கழற்றி எறிய மாட்டார்கள் என்று ஒரு மகள் சொன்னார்கள். அனுபவசாலி.

ஜப்பானில் ஒமுடா என்று ஒரு ஊர். பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், இளைஞர்கள் வெளியேறி முதியோர் மிஞ்சிய ஊர். கேட்கும்போதே நம் ஊர் போல இல்லையா? அங்கே 2004 முதல் ஆண்டுதோறும் ஒரு ஒத்திகை நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறிய முதியவராக வேஷம் போட்டுத் தெருவில் நடப்பார். செய்தி பரவும். கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், டாக்ஸிக்காரர் எல்லாரும் அவரைத் தேடிப் பிடித்து, முன்னால் போய் நின்று, மெதுவாகப் பேசிப் பழகுவார்கள். பின்னாலிருந்து தோளைத் தொடக்கூடாது, "எங்கே போற?" என்று அதட்டக்கூடாது என்பதெல்லாம் அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். கங்காணி பெயர் கூப்பிடவில்லை என்று சொன்னவரிடம், "கங்காணி செத்து முப்பது வருஷமாச்சு" என்று சொல்வதில் என்ன லாபம்? "இன்னிக்கு மழை தாத்தா, வேலை இல்லையாம், வாங்க போவோம்" என்றால் எழுந்து வருவார். அன்று அந்தக் கேரட் தோட்டத்துத் தம்பி சொன்னது அதைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனவே பேரவைக்கு எங்கள் கருத்து இது. ஐம்பது கருவி வேண்டாம். டவர் உள்ள இடங்களில், தாங்களாகச் சம்மதித்தவர்களுக்கு இப்போதைக்கு ஆறு ஏழு போதும். இரண்டு வருஷ ரீசார்ஜுக்கும் சேர்த்து நிதி ஒதுக்க வேண்டும். சார்ஜ் போடும் பொறுப்பை நற்கருணை வீரர் சபைப் பிள்ளைகள் ஏற்கிறார்கள். ஞாயிறு பூசைக்கு வரும் வழியில் மட்டுமல்ல, புதன்கிழமையும் போக வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். மறதி உள்ள எல்லாருக்கும் பெயர் தைத்த துணிப் பட்டை. ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு பேர் பொறுப்பு, அவர்கள் போன் நம்பர் சக்ரீஸ்தியின் கதவில் ஒட்டப்படும். யாரையாவது காணவில்லை என்றால் முதலில் அவர்கள், கூடவே 112. காயம் பட்டிருந்தால் 108. முதியோர் சம்பந்தமான மற்ற உதவிக்கு 14567 என்ற நம்பர் இருக்கிறது. ஒருநாள் பொறுத்துத்தான் போலீசுக்குப் போக வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி ஒரு சட்டமும் இல்லை, உடனே சொல்லலாம்.

டவரும் கரண்டும் இல்லாத இரவுக்கு ஆலய மணி இருக்கிறது. பங்குத் தந்தை அவர்கள் அனுமதி தந்துவிட்டார்கள். துக்கமணி போல நிறுத்தி நிறுத்தி அடிக்காமல், ஐந்து நிமிஷம் விடாமல் அடித்தால் யாரையோ தேட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கேட்டவர்கள் செபம் சொல்லிக்கொண்டு படுக்கையில் இராமல் எழுந்து வர வேண்டும். மணிக்கூண்டுக்குப் பூச்சு வேண்டும் என்றவர்களுக்கும் இதில் கொஞ்சம் நியாயம் கிடைக்கிறது. கயிறு இற்றுப்போயிருக்கிறது, அதையாவது முதலில் மாற்றுங்கள்.

ஒத்திகை அடுத்த மாதம் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும். வழி தவறிய தாத்தாவாக நடிக்க ஒருவர் வேண்டும்; நடக்கத் தெம்புள்ளவர்கள் இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். தேட வருகிறவர்கள் டார்ச் லைட்டில் புது பாட்டரி போட்டு வாருங்கள். அட்டைக் கடிக்கு உப்புத்தூளோ புகையிலையோ கொண்டுவருவது அவரவர் சௌகரியம்.